பரிமாற்று மாணவர் என்றால் யார்?
வெளிநாட்டுப் படிப்பு பற்றிப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

ஒரு காலத்தில் ஒரு டிவிசனில் ஒரு பிள்ளை உயர்தரம் வரை படித்தாலே தோட்டம் முழுக்கப் பேச்சாக இருக்கும். இன்று பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ, சப்ரகமுவ, கிழக்கு, யாழ்ப்பாணம் என்று பல பல்கலைக்கழகங்களில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். இவர்களில் சிலருக்கு இரண்டாம் வருடத்திலோ மூன்றாம் வருடத்திலோ ஒரு புதிய வாய்ப்பு வருகிறது. "ஒரு செமெஸ்டர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வரலாம், விருப்பமா?" என்று பீடத்தில் கேட்கிறார்கள்.

இந்தச் செய்தியோடு பிள்ளை வீட்டுக்கு வந்ததும் மூன்று விதமான பேச்சு எழும்புகிறது. "பொம்பளப் புள்ளய தனியா அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது?" என்பது அம்மாவின் பேச்சு. "எத்தன லட்சம் கேப்பாங்களோ, எங்க போறது?" என்பது அப்பாவின் பேச்சு. "ஏஜென்சிக்காரன் ஏமாத்திப்புடுவான், பாத்துக்கங்க" என்று பக்கத்துக் காம்பராக்காரர் சொல்கிறார். மூன்றும் நியாயமான பயங்கள்தான். ஆனால் விஷயம் தெரியாமல் பயந்து நல்ல வாய்ப்பைத் தட்டிவிடுவதும் நட்டம், விஷயம் தெரியாமல் நகையை அடகு வைத்து ஏமாறுவதும் நட்டம். ஆகவே இது என்ன, எப்படி நடக்கிறது என்று விளங்கிக்கொள்வோம்.

பரிமாற்று மாணவர் யார்?

இரண்டு பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. நம் மாணவர் அங்கே போய் ஒரு செமெஸ்டரோ இரண்டு செமெஸ்டரோ படிப்பார். அவர்களுடைய மாணவர் இங்கே வந்து படிப்பார். அவரவர் தமது சொந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டியதை மட்டும் கட்டினால் போதும். "இன்னைக்கி நான் உங்க மரக்கறித் தோட்டத்த கொத்திக் குடுக்குறேன், நாளைக்கி நீங்க என் தோட்டத்த கொத்திக் குடுங்க, கூலிப் பேச்சு வேணாம்" என்று நாம் செய்வோமே, அதே கணக்குத்தான்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பரிமாற்றத்தில் போகும் பிள்ளை நம் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் மாணவராகவே இருக்கிறார். பட்டம் தருவதும் நம் பல்கலைக்கழகமே. போனவர் தவணை முடிந்ததும் திரும்பி வர வேண்டும். வேலைக்குப் போவதும் குடியேறப் போவதும் வேறு, இது வேறு.

ஐரோப்பாவில் இப்படியான பெரிய திட்டம் 1987இல் எரஸ்மஸ் என்ற பெயரில் தொடங்கியது. ஆசிய பசுபிக் நாடுகளின் பல்கலைக்கழகங்கள் 1991இல் உமாப் என்ற அமைப்பைத் தொடங்கின. இவை தவிர, பல்கலைக்கழகங்கள் நேரடியாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களும் நிறைய உண்டு. ஜப்பானை உதாரணமாக எடுத்துப் பார்ப்போம். அங்கே நடைமுறைகள் ஒழுங்காக எழுதி வைக்கப்பட்டிருப்பதால் விளங்கிக்கொள்வது சுலபம்.

காசு யார் கட்டுவது?

ஜப்பானில் தேசியப் பல்கலைக்கழகம் ஒன்றில் சொந்தமாகச் சேர்ந்து பட்டம் படிப்பவருக்கு, நிர்ணயிக்கப்பட்ட அடிப்படைக் கட்டணம் வருடத்துக்கு 535,800 யென். சேரும்போது அனுமதிக் கட்டணம் 282,000 யென் தனியாக உண்டு. ஒரு யென் சுமார் 2 ரூபா என்று வைத்துக்கொண்டால், முதல் வருடத்துக்கே 16 லட்சம் ரூபாவுக்கு மேல் போகிறது. ஒப்பந்தப்படி போகும் பரிமாற்று மாணவர் இந்த இரண்டையும் அங்கே கட்டத் தேவையில்லை. நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. ஆகவே தோட்டத்துப் பிள்ளை ஒருவர் ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லாமல் படிக்க வழி கிடைக்கிறது. இலவசக் கல்வியின் பலன் கடல் கடந்தும் வருகிறது என்றே சொல்லலாம்.

சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் என்ன செய்வது? ஜாசோ எனப்படும் ஜப்பான் மாணவர் சேவை அமைப்பு, குறுகிய காலப் பரிமாற்று மாணவர்களுக்கு மாதம் 80,000 யென் உதவிப் பணம் கொடுக்கிறது. ஆனால் இது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. நல்ல புள்ளிகள் வேண்டும், அங்குள்ள பல்கலைக்கழகம் சிபாரிசு செய்யவும் வேண்டும். பல்கலைக்கழக விடுதியில், சிறிய நகரத்தில் சிக்கனமாக இருந்தால் இந்தப் பணத்தில் சமாளிக்கலாம். டோக்கியோவில் வெளி அறை எடுத்தால் கையைக் கடிக்கும்.

வீட்டிலிருந்து தேட வேண்டிய காசும் உண்டு. பாஸ்போட், விமான டிக்கட், குளிர் உடுப்பு, முதல் மாதச் செலவு ஆகியவையே அவை. உதவிப் பணம் போய்ச் சேர்ந்த அன்றே கைக்கு வராது, நாளாகும். ஆகவே முதல் மாதத்துக்கு வேண்டிய காசு கையில் இருக்கத்தான் வேண்டும். "எல்லாம் இலவசம்" என்று நினைத்து அனுப்பினால், போன இடத்தில் பிள்ளைதான் கஷ்டப்படும்.

பத்திரங்களை இப்போதே பாருங்கள்

நம் பிள்ளைகளுக்கு அதிகம் தடையாக வருவது பெயர்ப் பிழைதான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு விதம், உயர்தரச் சான்றிதழில் வேறு ஒரு விதம். முதலெழுத்து மாறியிருக்கும், ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடியோ குறைந்தோ இருக்கும், தகப்பன் பெயர் பிழையாக இருக்கும். பிள்ளைக்கு வெளிநாட்டு வாய்ப்பு வந்த பிறகு பிரதேச செயலகத்துக்கு ஓடினால் காலம் போதாது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும். பாஸ்போட்டுக்குப் பத்தரமுல்லைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, கண்டியிலும் காரியாலயம் உண்டு.

விசா வேலை இப்படி நடக்கும். பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் ஜப்பானியப் பல்கலைக்கழகமே அந்த நாட்டுக் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தகுதிச் சான்றிதழ் ஒன்றை எடுத்துத் தருகிறது. அதைக் கொண்டு கொழும்பிலுள்ள ஜப்பானியத் தூதரகத்துக்கு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நடுவில் ஏஜென்ட் என்று ஒருவருக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

புள்ளிகள் திரும்பி வருமா?

இதைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். அங்கே படித்த பாடங்களை இங்குள்ள பீடம் ஏற்றுக்கொண்டால்தான் அந்தச் செமெஸ்டர் பட்டத்தில் சேரும். ஏற்காவிட்டால் திரும்பி வந்து அதே பாடங்களை மறுபடியும் படிக்க வேண்டும், கூட்டாளிகள் எல்லாம் முன்னே போய்விடுவார்கள். ஆகவே போவதற்கு முன்பே, எந்தெந்தப் பாடம் எதற்குப் பதிலாகக் கணக்கில் வரும் என்று பீடத்திடம் எழுத்தில் வாங்க வேண்டும். "போய்ட்டு வாங்க, பிறகு பாப்போம்" என்ற வாய்ப் பேச்சு போதாது. மகாபொல உதவிப் பணம் பெறும் பிள்ளையானால், வெளியே இருக்கும் மாதங்களில் அது தொடருமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அங்கே வாழ்க்கை எப்படி?

ஜப்பானில் பல்கலைக்கழக வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது. இரண்டாவது செமெஸ்டர் செப்டெம்பர் கடைசியில் அல்லது ஒக்டோபரில் தொடங்கும். விமான நிலையத்திலேயே தங்கும் அனுமதி அட்டை கொடுப்பார்கள். தங்குமிடம் சேர்ந்து 14 நாட்களுக்குள் அந்த ஊர் நகரசபையில் விலாசத்தைப் பதிய வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் தேசிய சுகாதாரக் காப்புறுதியில் சேர வேண்டும். சேர்ந்தால் வைத்தியச் செலவில் 100க்கு 70ஐக் காப்புறுதி கட்டும், மீதி 30ஐ மட்டும் நாம் கட்டினால் போதும்.

சாப்பாடு சோறுதான், ஆனால் பசைச் சோறு. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி சாப்பிடாதவர்கள் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். மரக்கறி சூப் என்று நம்பிக் குடிப்பதில்கூடக் காய்ந்த மீன் சாறு கலந்திருக்கும். சமைக்கத் தெரிந்த பிள்ளைக்குச் செலவும் குறையும், மனமும் ஆறும். ஆண் பிள்ளையானாலும் சோறு கறி ஆக்கப் பழக்கி அனுப்புங்கள். நுவரெலியாக் குளிர் பழகியவர்களுக்கும் அங்குள்ள குளிர் புதிதுதான். வடக்கே சப்போரோ நகரில் ஜனவரி மாதம் பகலிலும் வெப்பம் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும்.

பெண் பிள்ளை பற்றிய கவலைக்கு வருவோம். பல பல்கலைக்கழகங்கள் பரிமாற்று மாணவர்களுக்கு விடுதி ஏற்பாடு செய்கின்றன. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தனிக் காரியாலயமும் இருக்கும். பெண்கள் இரவில் தனியாக ரயிலில் வருவது அங்கே சாதாரணம். ஆனால் நெரிசல் நேரத்தில் தொந்தரவு இல்லாமல் இல்லை, அதற்காகவே நகரங்களில் சில ரயில்களில் பெண்களுக்கு மட்டுமான பெட்டி வைத்திருக்கிறார்கள். பொலிசுக்கு 110, அம்புலன்சுக்கு 119. இந்த இரண்டு இலக்கங்களையும் பிள்ளை பாடமாக்கிக்கொள்ள வேண்டும். நில நடுக்கம் அடிக்கடி வரும் நாடு என்பதால், வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுப்பார்கள், அந்த வகுப்பைத் தவற விடக்கூடாது. பேசுவதற்கு நேரமும் தோதானதுதான். அங்கே இரவு 8 மணி என்றால் இங்கே மாலை 4.30, கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் வேளை.

நமக்குத் தெரிந்த தேயிலையும் அங்கே உண்டு. ஷிசுவோக்கா, ககோஷிமா பகுதிகள் தேயிலைக்குப் பேர்போனவை. அங்கே கொழுந்தை வாட்டுவதில்லை, ஆவியில் அவித்து, உருட்டி, காய வைத்துப் பச்சைத் தேயிலை செய்கிறார்கள். பெரும்பாலும் மெஷினால்தான் கொய்கிறார்கள். விவசாயம் படிக்கும் நம் பிள்ளை ஒருவர் அதை நேரில் பார்த்து வந்தால், அது நம் தொழிலுக்கும் பயன்படும்.

எதை நம்பக்கூடாது?

"ஜப்பானுக்கு ஸ்டூடன்ட் விசா. மொழிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து விடுகிறோம். படித்துக்கொண்டே வேலை செய்து கடனை அடைத்து விடலாம்" என்று வருபவர்கள் உண்டு. இது பரிமாற்றம் அல்ல. மொழிப் பள்ளிக்கூடம் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். அங்கே மாணவர் வேலை செய்யத் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். எடுத்தாலும், படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 28 மணித்தியாலம்தான் செய்யலாம். அந்தச் சம்பளத்தில் பள்ளிக்கூடக் கட்டணம், வாடகை, சாப்பாடு, அதற்கு மேல் வட்டிக் கடன் எல்லாவற்றையும் அடைக்க முடியுமா? முடியாமல் கூடுதல் நேரம் செய்தால் சட்ட விரோதம். வகுப்புக்குப் போகாவிட்டால் விசா போய்விடும்.

நம் நாட்டுப் பெண் விஷ்மா சந்தமாலி 2017இல் ஸ்டூடன்ட் விசாவில் ஜப்பானுக்குப் போய் மொழிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர். படிப்பு இடையில் நின்றது, தங்கும் அனுமதியும் இல்லாமல் போனது. 2020 ஆகஸ்டில் தடுத்து வைக்கப்பட்டார். உடல் நலம் கெட்டு, 2021 மார்ச் 6ஆம் திகதி நகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் 33 வயதில் இறந்தார். ஜப்பானையே உலுக்கிய மரணம் அது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான். மாணவர் விசா என்பது படிப்பு நடக்கும் வரைதான். படிப்பு அறுந்தால் அந்நிய நாட்டில் நிற்க இடமில்லை. பரிமாற்று மாணவருக்குப் பின்னால் இரண்டு பல்கலைக்கழகங்கள் நிற்கின்றன, திரும்பி வர ஓர் இடமும் காத்திருக்கிறது. கடன்பட்டுத் தனியாகப் போனவருக்கு அந்தப் பலம் இல்லை.

வேறு வழிகள்

பரிமாற்றம் அல்லாமல் முழுப் பட்டமும் வெளிநாட்டில் படிக்கும் உதவித் திட்டங்களும் உண்டு. ஜப்பான் அரசாங்கம் 1954 முதல் வெளிநாட்டு மாணவருக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. இந்திய அரசாங்கத்தின் புலமைப்பரிசில்கள் இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக அறிவிக்கப்படும். பங்களாதேஷின் சிட்டகாங் நகரில் 2008இல் தொடங்கிய ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம், பல நாட்டுப் பெண் பிள்ளைகளுக்கு உதவிப் பணத்தோடு கல்வி தருகிறது. 2016இல் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களைப் படிக்கச் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தைத் தொடங்கி, பின்பு தேயிலைத் தோட்டத்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் எந்த நாடானாலும் நிலைமையை விசாரித்தே அனுப்ப வேண்டும். 2024 ஜூலையில் பங்களாதேஷில் கலவரமும் ஊரடங்கும் வந்து இன்டர்நெட் நிறுத்தப்பட்டபோது, அங்கே படித்த வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பெற்றோரே, மூன்று கேள்விகள்

பிள்ளை பரிமாற்றுக் கடிதத்தோடு வந்தால் உடனே "வேணாம்" என்று சொல்லாதீர்கள். உடனே "சரி" என்றும் சொல்லாதீர்கள். இவற்றைக் கேளுங்கள்:

1. அனுப்புவது யார்? உங்கள் பிள்ளையின் பல்கலைக்கழகமா, வெளி ஆளா? பல்கலைக்கழகம் என்றால் கடிதம் பீடத்திலிருந்தோ சர்வதேச விவகாரக் காரியாலயத்திலிருந்தோ வந்திருக்கும். அங்கே நேரில் போய் உறுதி செய்யலாம்.

2. எந்தச் செலவை யார் கட்டுகிறார்? கட்டணம், விடுதி, டிக்கட், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிப் பாருங்கள். "பதிவுக் காசு" என்று தனி ஆளின் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

3. படித்த பாடங்கள் பட்டத்தில் சேருமா? எழுத்தில் இருக்கிறதா?

மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்தால் தைரியமாக அனுப்புங்கள். ஆங்கிலக் கடிதம் விளங்கவில்லை என்றால் வெட்கப்படத் தேவையில்லை. தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடமோ பள்ளிக்கூட அதிபரிடமோ கொண்டு போய்க் காட்டுங்கள். கையெழுத்து வைப்பதும் காசு கட்டுவதும் அதற்குப் பிறகு இருக்கட்டும்.