காவல் நீங்கிய கணினிகள்

விலை கொடுத்து வாங்கிய கணினி பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கையிலேயே, அதன் இயங்குதளத்தை ஆக்கிய ஸ்தாபனம் இனித் திருத்தங்கள் அளிப்பதில்லையென்று ஒரு தேதியைக் குறித்து விலகிக்கொள்ளுமானால், அக்கணினிக்கு உரியவர் செய்யத்தக்கது யாது என்பது இன்று எண்ணற்ற வீடுகளையும் கடைகளையும் பற்றிய விஷயமாகிவிட்டது. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவுற்றது. அதன் அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-ஓ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் வகையானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் வேண்டுவதால், 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் முற்பட்டவையும், ஜெராக்ஸ் கடைகளிலும் டி.டி.பி. மையங்களிலும் உழைத்துவரும் மேசைக்கணினிகளில் பலவும் அதற்குத் தகுதியற்றவையாகின்றன.

கணினிதான் ஓடுகிறதே என்று அலட்சியமாய் இருப்பது தகாது. புதிய பதிப்புக்கு ஒரு திருத்தம் வெளியாகும்போது, அதற்கு முன்னும் பின்னும் உள்ள நிரலை ஒப்பிட்டு, ஓட்டை இருந்த இடத்தைத் தீயோர் கண்டுகொள்கிறார்கள். அதே ஓட்டை பழைய பதிப்பிலும் இருக்குமாயின், அங்கே அதை அடைப்பாரில்லை. 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தில் மருத்துவமனைகளின் அன்றாட அலுவலையே நிலைகுலையச் செய்தபோது, அதற்குரிய திருத்தம் ஆதரவிலிருந்த பதிப்புகளுக்கு மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது. 2014-இல் ஆதரவு நின்றுபோன எக்ஸ்பி பதிப்புக்கோ, தாக்குதல் நிகழ்ந்த பின்னரே அவசரமாக அளிக்கப்பட்டது.

பரிகாரம் இல்லாமலில்லை. விசைப்பலகையில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எழும் சிறு கட்டத்தில் 'வின்வர்' (winver) என ஆங்கில எழுத்துகளில் தட்டினால், தம்மிடமுள்ள பதிப்பு எதுவென்பது தெரிந்துவிடும். விண்டோஸ் 10-இன் 22எச்2 என்னும் இறுதிப் பதிப்பை உடைய தனிநபர் கணினிகளுக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தொடரும் நீட்டிப்புத் திட்டமொன்றை அந்நிறுவனமே அறிவித்தது. அமைப்புப் பகுதியிலுள்ள 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் அதற்குப் பதிவு செய்யலாம், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அதில் சேமித்துவைப்போருக்குக் கட்டணமும் இல்லை. சில கணினிகளில் டி.பி.எம். இருந்தும் பயாஸ் என்னும் தொடக்க அமைப்பில் அணைத்துவைக்கப்பட்டிருப்பதுண்டாகையால், தகுதியில்லையென்று முடிவுகட்டுமுன் அதையும் பார்த்துவிடுதல் நலம். நீட்டிப்பும் ஓய்ந்தபின், கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளத்தை நிறுவினால், கடிதம், கணக்கு, இணையம் ஆகிய காரியங்களுக்குப் பழைய கணினி பின்னும் சில ஆண்டுகள் உழைக்கும். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளையே நம்பியிருக்கும் கடைக்காரருக்கு இவ்வழி எளிதன்று. அவர் அக்கணினியை இணையத்திலிருந்து துண்டித்துக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வங்கி அலுவலை வேறு சாதனத்தில் பார்ப்பதே உசிதம்.

காவலையும் மீறிப் பணம் பறிபோய்விட்டால் தாமதம் கூடாது. உடனே வங்கிக்கும் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். வங்கியும் வாடிக்கையாளரும் பிழைசெய்யாத மோசடியை, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தவருக்கு இழப்பின் பொறுப்பு இல்லையென்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதித்தது.

இணையத்தோடு இணையும் வீட்டுச் சாதனங்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவரை கிடைக்குமென்பதை முன்கூட்டியே அறிவித்தாக வேண்டுமென்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. அத்தகைய வெளிப்படையான கடமையொன்று நம் நாட்டிலும் கணினிகளுக்கு ஏற்பட்டாக வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம். அதுவரையில், பொருளின் தரத்தை அறியும் உரிமையை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு அளித்திருக்கிறது. செகண்ட் ஹேண்ட் கணினி வாங்குவோர், தகுதியற்ற கணினியில் குறுக்குவழியால் விண்டோஸ் 11-ஐ ஏற்றி விற்பதுண்டு என்பதை மனத்திற்கொண்டு, செயலியின் தலைமுறையையும், விண்டோஸ் 11-க்குத் தகுதி உண்டா என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். விற்றவர் உரைத்தது பொய்யாயின், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுகையில் அந்தப் பில்லே சாட்சியமாகும்.