ஒரே செடி, இரு குணம்

கமண்டல நாக நதிக்கரையில் அமைந்த ஆரணியில், பட்டுத் தறிகளின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவன் நான். பள்ளியில் தாவர நூல் கற்பித்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆயினும், செடி கொடிகளைப் பற்றி ஏதேனும் ஐயம் எழுந்தால் தெருவார் என் வீட்டுத் திண்ணைக்கு வருவது இன்றும் வழக்கமாக இருக்கிறது.

ஒருநாள் மாலை, எங்கள் தெருவில் பட்டு நெய்யும் குடும்பத்து மூதாட்டி ஒருவர், முந்தானையில் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார். இருபுறமும் பார்த்துவிட்டு ஒரு சிறு புட்டியை எடுத்துத் திண்ணைமேல் வைத்தார். அதன் மீது விரல்களை விரித்தாற்போன்ற பச்சை இலை ஒன்றின் படம் இருந்தது.

"வாத்தியாரையா, பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் இதை அனுப்பியிருக்கிறான். பேரனுடைய வலிப்புக்கு நல்லதாம். பக்கத்து வீட்டார் இது கஞ்சா இலை என்கிறார்கள். இது கஞ்சாதானா? வீட்டில் வைத்திருந்தால் போலீசார் பிடித்துக்கொண்டு போவார்களா? இதைக் கொடுத்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று அவர் கேட்டார்.

"மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா, அம்மா?" என்று நான் கேட்டேன்.

"நேற்று இரவும் இன்று காலையும் கொடுக்கவில்லை" என்றார்.

எனக்குப் பகீரென்றது. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், ஓயாமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். உடனே சிறுவனைப் பார்க்கும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் சொற்படி அப்பொழுதே மாத்திரை கொடுக்கச் செய்தேன். மூன்றாம் கேள்விக்கு முதலில் விடை கிடைத்துவிட்டது. மற்ற இரண்டிற்கும் அன்று நான் கூறியவற்றையே சற்று விரித்து இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'ஹெம்ப்' என்னும் ஒரே சொல்லால் பல நார்ச் செடிகளை அழைக்கிறார்கள். எங்கள் பக்கத்து உழவர்கள் நெல் நடவுக்கு முன் விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுகிறார்களே, அந்தச் சணப்புக்கும் ஆங்கிலத்தில் 'சன் ஹெம்ப்' என்று பெயர். அது மஞ்சள் பூப் பூக்கும் அவரைக் குடும்பத்துச் செடி. புளிச்சை இனத்து நார்ச்செடி ஒன்று 'தக்காண ஹெம்ப்'. வாழைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று 'மணிலா ஹெம்ப்'. கோணிப்பைக்கு உதவும் சணலோ வேறொரு செடி. இவற்றில் எதற்கும் கஞ்சாவோடு உறவில்லை. அடைமொழி எதுவும் இன்றி 'ஹெம்ப்' என்று மட்டும் சொன்னால்தான் அது கஞ்சாச் செடியின் இனத்தைக் குறிக்கும். லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் 1753ஆம் ஆண்டில் அதற்குக் 'கன்னாபிஸ் சட்டைவா' என்று பெயரிட்டார். கப்பற்பாய்க்கும் கூடாரத்துக்கும் நெய்யும் 'கான்வாஸ்' என்னும் துணியின் பெயர் இந்தக் கன்னாபிஸ் என்பதிலிருந்தே பிறந்தது. நம் நாட்டிலும் கர்வால், குமாவோன் மலைகளில் இதன் தண்டிலிருந்து நார் உரித்து, நூற்று, 'பங்கேலா' என்னும் முரட்டுத் துணி நெய்து உடுத்தியிருக்கிறார்கள். ஆகவே, நெசவாளருக்கு இச்செடி முற்றிலும் அந்நியமானதன்று.

நாருக்காக வளர்க்கும் ரகத்தை இப்பேச்சில் 'நார்க்கஞ்சா' என்று அழைக்கிறேன். நார்க்கஞ்சாவும் போதைக் கஞ்சாவும் ஒரே இனத்துச் செடிகள்தாம். பின் வேற்றுமை எங்கே இருக்கிறது? பெண் செடியின் பூங்கொத்தைப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், பனித்துளி போன்ற நுண்ணிய சுரப்பிகள் தெரியும். அவற்றில் ஊறும் பிசினில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுகள் இருக்கின்றன. அவற்றுள் நாம் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி.; இதுவே மயக்கம் தருவது. மற்றொன்று கன்னாபிடியால், சுருக்கமாகச் சி.பி.டி.; இது அத்தகைய மயக்கத்தைத் தருவதில்லை.

வியப்பு என்னவென்றால், இரண்டின் மூலக்கூறிலும் இருப்பவை ஒன்றே: கரிம அணு 21, ஹைட்ரஜன் அணு 30, ஆக்சிஜன் அணு 2. எடையும் ஒன்றே. இதை அம்மையாருக்கு எப்படி விளக்குவது? "ஜக்கார்டுத் தறியில் பாவும் அதேதான், ஊடையும் அதேதான்; அட்டையை மாற்றினால் மயில் போய் மாங்காய் வருகிறதல்லவா? அதுபோல" என்றேன். டி.எச்.சி.யில் ஒரு வளையம் மூடியிருக்கிறது, சி.பி.டி.யில் அது திறந்திருக்கிறது. அவ்வளவே வேற்றுமை. ஆனால் நம் மூளைக்கு அது பெரிய வேற்றுமை. மூளையின் நரம்புச் செல்களில் உள்ள ஒரு வகை ஏற்பியில், பூட்டில் திறவுகோல் பொருந்துவது போல டி.எச்.சி. பொருந்துகிறது, மயக்கமும் நினைவுத் தடுமாற்றமும் அதனால் விளைகின்றன. சி.பி.டி. அந்தப் பூட்டில் அவ்வாறு பொருந்துவதில்லை. வேறு வழிகளில் நரம்புகளின் மிகைத் துடிப்பைத் தணிக்கிறது.

செடி முதலில் ஒரு பொதுவான தாய்ப்பொருளை உண்டாக்குகிறது. அதிலிருந்து டி.எச்.சி. பக்கம் திருப்பும் நொதி ஒன்று, சி.பி.டி. பக்கம் திருப்பும் நொதி மற்றொன்று. எந்த நொதி ஓங்கி நிற்கிறது என்பது விதையின் பரம்பரையைப் பொறுத்தது. காய்ந்த பூங்கொத்தில் டி.எச்.சி. நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேற்படாவிட்டால் அதை நார்க்கஞ்சா என்று பல நாடுகள் கொள்கின்றன. போதை ரகங்களிலோ அது நூற்றுக்கு பத்து, பதினைந்து, அதற்கு மேலும் இருப்பதுண்டு. இந்த 0.3 என்ற வரம்பு இயற்கை வகுத்தது அன்று. எர்னஸ்ட் ஸ்மால் என்ற கனடா நாட்டுத் தாவர அறிஞரும் அவருடைய துணைவரும் 1976ஆம் ஆண்டில் வகைப்பாட்டு வசதிக்காக இட்ட கோடு. பின்னர் அதையே சட்டங்கள் எடுத்துக்கொண்டன.

இவ்வுண்மைகள் ஒருநாளில் வெளிப்பட்டவையல்ல. 1839ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த ஓஷானசி என்ற மருத்துவர், இந்தியக் கஞ்சாவை ஆராய்ந்து, வலிப்புற்ற நாற்பது நாள் குழந்தை ஒன்றுக்கு அதன் சாரத்தைக் கொடுத்துக் குணம் கண்டதாக எழுதினார். அதிலிருந்த எந்தப் பொருள் வேலை செய்தது என்பது அக்காலத்தில் தெரியாது. சி.பி.டி.யை 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராஜர் ஆடம்ஸ் என்பவர் பிரித்தெடுத்தார். இஸ்ரேல் நாட்டின் மெச்சூலம் என்னும் வேதியியலார், காவல்துறையினர் கைப்பற்றிய ஐந்து கிலோ கஞ்சாப் பிசினைக் கேட்டுப் பெற்று ஆராய்ந்து, 1963இல் சி.பி.டி.யின் அமைப்பையும் 1964இல் டி.எச்.சி.யின் அமைப்பையும் தம் குழுவினருடன் கண்டறிந்தார். நம் மூளையே அந்தப் பூட்டுக்கு ஏற்ற பொருளொன்றைச் சுரக்கிறது என்பது 1992இல் அவரது ஆய்வுக்கூடத்தில் தெரியவந்தது. அதற்கு 'ஆனந்தம்' என்ற வடசொல்லை ஒட்டியே 'ஆனந்தமைடு' என்று பெயர் சூட்டினர்.

இனி, வலிப்புக்கு வருவோம். டிராவே என்னும் கொடிய வலிப்பு நோயுற்ற 120 குழந்தைகளிடமும் இளைஞரிடமும் செய்த ஆய்வு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தூய சி.பி.டி. உண்டவர்களுக்கு மாதத்துக்குச் சுமார் 12 முறை வந்த வலிப்பு 6 முறையாகக் குறைந்தது. வெற்று மருந்து உண்டவர்களுக்கு ஏறத்தாழ மாற்றமே இல்லை. இத்தகைய ஆய்வுகளைக் கொண்டு 2018ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து நிர்வாகம் 'எபிடியோலெக்ஸ்' என்ற மருந்தை டிராவே, லெனாக்ஸ்-கஸ்டாட் ஆகிய இரு அரிய வலிப்பு நோய்களுக்கு அனுமதித்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வில் இருந்தவர்கள் தம் பழைய மாத்திரைகளை நிறுத்தவில்லை. அவற்றோடு கூடுதலாகவே இதை உண்டார்கள்.

அளவையும் பாருங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை அம்மருந்து கொடுக்கப்படுகிறது. இருபது கிலோ எடையுள்ள சிறுவனுக்கு நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வேண்டும். 300 மில்லிகிராம் என்று எழுதிய ஒரு புட்டி அவனுக்கு ஒரு நாளைக்கே காணும். போதை தராது என்பதால் தீங்கே செய்யாது என்று எண்ணிவிடலாகாது. உறக்கமும் வயிற்றுப்போக்கும் உண்டாகலாம், கல்லீரலும் தாக்குறலாம். அதிலும் வால்புரோயேட் என்ற வலிப்பு மாத்திரையோடு சேரும்போது கல்லீரல் பாதிப்பு மிகுதி. எங்கள் தெருச் சிறுவன் உண்டு வந்தது அந்த மாத்திரையையே!

இரண்டாம் கேள்வி சட்டத்தைப் பற்றியது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் டி.எச்.சி. அளவைக் கொண்டு கஞ்சாவை வரையறுக்கவில்லை; செடியின் உறுப்பைக் கொண்டே வரையறுக்கிறது. பூவும் காயும் சேர்ந்த நுனிக்கொத்து கஞ்சா. பிரித்தெடுத்த பிசின் சரஸ். நுனிக்கொத்தோடு சேராத விதையும் இலையும் அவ்வரையறைக்கு வெளியே நிற்கின்றன. இலையாகிய பாங்கைப் பற்றி மாநிலங்கள் தனித்தனியே விதி செய்துகொண்டன. வடநாட்டில் சில இடங்களில் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் உண்டு, நம் மாநிலத்தில் இல்லை. நாருக்கும் விதைக்குமாகப் பயிரிட அரசு அனுமதிக்கலாம் என்று அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகிறது. அதன்படி உத்தராகண்ட் மாநிலம் 2018இல் நார்க்கஞ்சா சாகுபடிக்கு உரிமம் வழங்கியது. நார்க்கஞ்சா விதை, அதன் எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவாக விற்க இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வழி செய்தது. ஆனால், பூவிலிருந்து எடுத்த தைலத்தை வெளிநாட்டிலிருந்து தபாலில் தருவிப்பது, 'அங்கே இது சட்டப்படி செல்லும்' என்று சொன்னாலும், இங்கே வழக்கில் கொண்டுபோய் விடக்கூடும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புட்டியின் பின்புறத்தைப் படித்தேன். பொடி எழுத்துகளில், 'நார்க்கஞ்சா விதை எண்ணெய்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சி.பி.டி. என்ற பேச்சே அதில் இல்லை. விதையில் அந்தச் சுரப்பிகள் கிடையா; ஒட்டிக்கொண்டு வரும் துகளால் ஏதேனும் இருந்தால்தான் உண்டு. எள்ளெண்ணெய் போல அதுவும் ஓர் உணவெண்ணெய். போலீசாருக்கு அஞ்ச வேண்டியதும் இல்லை. வலிப்புக்கு நம்ப வேண்டியதும் இல்லை.

சி.பி.டி. என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பிவிடலாமா? அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. சரக்குகளைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். சீட்டில் கண்ட அளவு உள்ளே சரியாக இருந்தவை 26 மட்டுமே. 18 புட்டிகளில் டி.எச்.சி.யும் கலந்திருந்தது. "நம் ஊரில் புடவை வாங்க வருகிறவர் ஓர் இழையை உருவி எரித்துப் பார்க்கிறார். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் பொடிந்தால்தான் பட்டு என்று ஒப்புக்கொள்கிறார். புடவைக்கே இத்தனை சோதனை என்றால், பிள்ளையின் வாயில் ஊற்றும் மருந்துக்கு வேண்டாமா, அம்மா?" என்றேன்.

அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "படத்தைப் பார்த்துப் பயந்தேன், பேச்சைக் கேட்டு நம்பினேன், எழுதியிருந்ததைப் படிக்கத்தான் ஆளில்லாமல் போயிற்று" என்றார்.

மறுவாரம் சிறுவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். புட்டியையும் எடுத்துச் சென்று காட்டும்படி நான் சொல்லியிருந்தேன். மருத்துவர் கோபிக்கவில்லை, மாத்திரையின் அளவை மட்டும் மாற்றிக் கொடுத்தார். நேயர்களே, கஞ்சா என்ற பெயரைக் கேட்டு ஒரு செடியை முழுதும் வெறுப்பதும் தவறு. மருந்து என்ற பெயரைக் கேட்டு அதையே முழுதும் நம்புவதும் தவறு. எந்தப் பகுதி, எந்தப் பொருள், எவ்வளவு, யார் மேற்பார்வையில் என்று நான்கையும் கேட்டறிந்த பிறகே கைநீட்ட வேண்டும். அதுவரை, உண்டுவரும் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.