பழுது நீக்கும் நொதிகள்

மல்லேஸ்வரம் கிளைக்கு ஓய்வூதியம் பெற வரும் மூத்த வாடிக்கையாளர்களிடையே அடிக்கடி எழும் பேச்சு, கண்புரை பற்றியது. விழியாடியின் நடுப்பகுதியிலுள்ள புரதங்கள் நாம் பிறக்கும் முன்பே உருவானவை. பின்னர் அவை புதுப்பிக்கப்படுவதில்லை. எண்பது வயதிலும் அதே புரதங்களின் வழியே பார்க்கிறோம். மாற்ற இயலாத பொருளைப் பழுதுபார்த்துத்தானே காக்க வேண்டும்?

உயிரணு உணவிலிருந்து ஆற்றல் பெறும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமிக்க சேர்மங்களும் உண்டாகின்றன. அவை அளவு மீறும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். புரதத்திலுள்ள அமினோ அமிலங்களுள் மெத்தியோனின் இதற்கு எளிதில் இரையாகிறது. அதன் கந்தக அணு ஓர் ஆக்சிஜன் அணுவைப் பற்றிக்கொள்ள, புரதத்தின் வடிவம் குலையத் தொடங்குகிறது. முற்றிய கண்புரையில் இவ்வாறு கெட்ட மெத்தியோனின் மிகுந்து காணப்படுகிறது.

'மெத்தியோனின் சல்பாக்சைடு ரிடக்டேஸ்' என்னும் நொதி, புரதத்தை உடைக்காமல் அந்த ஓர் அணுவை மட்டும் நீக்கிவிடுகிறது. இப்பழுது வலக்கை, இடக்கை போன்ற இரு வடிவங்களில் நேர்வதால், ஏ, பி என இருவகை நொதிகள் உள்ளன. இப்பணி இலவசமன்று. பழுது நீக்கிய நொதி தானே ஆக்சிஜனேற்றமடைகிறது. அதைத் தயோரெடாக்சின் என்னும் சிறு புரதம் மீட்கிறது. தயோரெடாக்சினை மீட்க என்ஏடிபிஎச் செலவாகிறது. அதனைப் பெரிதும் குளுக்கோசிலிருந்தே உயிரணு ஈட்டுகிறது. பேரேடு எழுதிப் பழகிய எனக்கு இந்த வரவு செலவு வியப்பளிக்கிறது. ஆயினும் எல்லாப் பழுதும் நீங்குவதில்லை. மீட்க முடியாத புரதங்கள் சிதைக்கப்பட்டு, அவற்றின் அமினோ அமிலங்கள் மீண்டும் பயன்படுகின்றன.

பழுது நேருமுன் தடுக்கும் ஆய்வு நம் கிளைக்கு அருகிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் நடக்கிறது. அங்குப் பேராசிரியர் ஜி. முகேஷ் குழுவினர், வனேடியம் பென்டாக்சைடு நுண்ணிழைகள் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதியைப்போல் ஹைட்ரஜன் பெராக்சைடை நீராக மாற்றுவதை 2014இல் காட்டினர். அவருக்கு 2019இல் இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது.

இந்நொதி நமக்கு மட்டும் உரியதன்று. நம் பகைவருக்கும் உதவுகிறது. கிருமிகளைக் கொல்ல வெள்ளணுக்கள் ஹைப்போகுளோரஸ் அமிலத்தை ஆக்குகின்றன. பிளீச்சிங் பவுடர் நீரில் கரையும்போது கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். உணவை நஞ்சாக்கும் சால்மொனெல்லா கிருமியோ, தன் ரிடக்டேஸ் நொதியால் பழுதுகளை நீக்கிப் பிழைத்துக்கொள்கிறது. இஜ்ஜத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தார் அதன் ஏ வகை நொதிக்குரிய மரபணுவை நீக்கிப் பார்த்தனர். அக்கிருமி அமிலத்தின்முன் எளிதில் மடிந்தது. கோழிகளின் உடலிலும் முன்போல் நிலைகொள்ள இயலவில்லை.