தோண்டியவர்கள் ஏன் நிறுத்தினார்கள்?

தென்னிந்தியாவில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இயங்கிய தங்கச் சுரங்கங்களில் ஏறக்குறைய எல்லாமே, யாரோ எப்போதோ தோண்டிவிட்டுப் போன குழிகளின் மேல்தான் எழுந்தன. கோலார் அப்படித்தான், ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டியும் அப்படித்தான். நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர் பக்கம் வெள்ளைக்காரக் கம்பெனிகள் இறங்கியதும் பழங்குழிகளைப் பார்த்துத்தான். ராஜஸ்தானின் கேத்ரியில் செம்புக்கும் இதே கதை. அங்கே குழிகளோடு, செம்பை உருக்கி ஊற்றிய கசடுகளும் மேடு மேடாகக் கிடந்தன.

ஆகவே தங்கமோ செம்போ தேடிப் போகும் புவியியலாளருக்குப் பழைய குழி ஒரு பெரிய கொடை. பல தலைமுறைகள் கையால் உடைத்து, கழுவி, சோதித்துப் பார்த்த முடிவு அது. ஆனால் அந்தக் கொடையில் ஒரு சிக்கலும் உண்டு. கண்ணுக்கு எட்டிய நல்ல தாதுவை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனவே இங்கே தங்கம் இருந்ததா என்று கேட்பதைவிட, தோண்டியவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்பதே பயன் தரும். பழங்குழிகளைச் சுற்றி நடக்கும் நவீனத் தேடல் முழுவதும் இந்த ஒரு கேள்விக்கு விடை காணும் முயற்சிதான் என்று நான் நினைக்கிறேன்.

அவர்களை நிறுத்தியவற்றில் முதலாவது தண்ணீர். நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் குழி கிணறாகிவிடும். பானையிலும் தோல்பையிலும் இறைத்து எவ்வளவு தூரம்தான் கீழே போக முடியும்? அப்படியும் ஹட்டியில் பழங்காலத்தவர் ஏறத்தாழ 640 அடி ஆழம் வரை போயிருக்கிறார்கள். அந்தக் குழியில் கிடைத்த மரத்துண்டைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியதில், அது சுமார் 2000 ஆண்டு பழையது என்று தெரியவந்தது. வெடிமருந்து இல்லாத காலம். பாறை மேல் விறகை அடுக்கித் தீ மூட்டி, நன்றாகச் சூடேறியதும் தண்ணீரை ஊற்றுவார்கள். பாறை வெடித்து உரியும். பழஞ்சுரங்கங்களின் சுவர்கள் மழமழவென்று வளைந்திருப்பதற்கும் உள்ளே கரி கிடப்பதற்கும் இதுதான் காரணம். 600 அடி ஆழத்தில் புகைக்கு நடுவே இந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களை எண்ணும்போது எனக்கு மலைப்புதான் வருகிறது.

இரண்டாவது காரணம் தாதுவின் தன்மை மாறுவது. மேலே, காற்றும் மழைநீரும் புகும் பகுதியில், பாறையிலுள்ள சல்பைடு கனிமங்கள் துருப்பிடித்துக் கரைந்துவிடும். அவற்றுக்குள் சிறைப்பட்டிருந்த தங்கம் விடுபட்டு, வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லின் பொந்துகளில் தனித்துகளாக நிற்கும். கல்லை இடித்துத் தூளாக்கிக் கழுவினால் போதும், கையில் வந்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே நிலைமை வேறு. அங்கே தங்கத்தில் ஒரு பகுதி பைரைட், ஆர்சனோபைரைட் போன்ற கனிமங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒளிந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் தட்டில் எதுவும் தங்காது. தங்கம் தீர்ந்துவிட்டது என்று அன்றைய ஆள் முடிவு செய்திருப்பார்; அவரிடம் இருந்த வழிகளை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவுதான். 1887-இல் ஸ்காட்லாந்தில் சயனைடு முறைக்குக் காப்புரிமை பதிவான பிறகுதான் நுண்ணிய தங்கத்தைப் பெருமளவில் கரைத்தெடுக்க முடிந்தது.

செம்பில் இந்த அடுக்குகள் இன்னும் தெளிவாகத் தெரியும். மேற்பரப்பில் செம்பழுப்பு நிறத்தில், பஞ்சுபோல் துளைத்த இரும்புத்துருப் பாறை இருக்கும். அதன் கீழே மாலகைட் என்னும் பச்சைக் கறையும், அசுரைட் என்னும் நீலக் கறையும். மழைநீர் மேலிருந்து கரைத்துக் கொண்டுபோன செம்பு நீர்மட்டத்தை ஒட்டி மறுபடி படிவதால், அங்கே மிகச் செழிப்பான ஓர் அடுக்கு உருவாகும். அதற்கும் கீழேதான் இயற்கையான மூலத் தாது, பித்தளை நிறமுள்ள சால்கோபைரைட். பழையவர்கள் பெரும்பாலும் மேலடுக்குகளையும் அந்தச் செழிப்பான அடுக்கையும் எடுத்துவிட்டார்கள். கீழே மிஞ்சியிருப்பதில் செம்பு நூற்றுக்கு ஒரு பங்கு இருந்தாலே இன்று கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். பழங்குழியின் சுவரில் பச்சைக் கறையைக் கண்டு, கீழேயும் இதே செழிப்பு இருக்கும் என்று நம்புவது இந்தத் தொழிலின் மிகப் பழைய ஏமாற்றம்.

பஞ்சம், போர், அரசு மாற்றம், ஆள் பற்றாக்குறை போன்ற காரணங்களும் உண்டு. இவற்றால் நின்ற சுரங்கம்தான் தேடுபவருக்கு மிகவும் வேண்டியது; அங்கே நல்ல தாது அப்படியே விட்டுப்போயிருக்கலாம். கடைசியாக, உண்மையிலேயே தாது முடிந்துபோய் நின்றதும் உண்டு. பாறையில் ஏற்பட்ட பிளவு தாது நரம்பை வெட்டியிருக்கலாம். நரம்பு மெலிந்து காணாமல் போயிருக்கலாம். இந்தக் காரணங்களில் எது உண்மை என்பதைக் குழியின் வாயில் நின்று சொல்லிவிட முடியாது.

தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தேவாலா சாட்சி. குறும்பர்கள் நெடுங்காலம் தங்கம் எடுத்த மண் அது. ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட பிரோ ஸ்மித் என்னும் சுரங்கப் பொறியாளர் 1880-இல் கொடுத்த அறிக்கை லண்டன் பங்குச் சந்தையைச் சூடேற்றியது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், 40 லட்சம் பவுண்டுக்கு மேல் முதல் என்று ஏட்டில் எழுதிக்கொண்டு, தேவாலா அடங்கிய வயநாட்டுப் பகுதிக்கு வந்தன. மேற்பரப்புக் கல்லில் கிடைத்த தரத்தை நம்பி, கீழே என்ன இருக்கிறது என்று நிரூபிக்கும் முன்பே கல் இடிக்கும் இயந்திரங்களை மலையேற்றினார்கள். பங்களாக்கள் கட்டினார்கள். அரைத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்ததில் சிறு பங்குதான் வந்தது. ஓரிரு ஆண்டுகளில் அந்த வேகம் அடங்கிப்போனது.

ஏறத்தாழ அதே காலத்தில் கோலாரில் நடந்தது நேர்மாறு. 1802-இல் எல்லை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, தங்கம் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு விசாரித்தார். உள்ளூர்க்காரர்கள் வண்டியில் மண் கொண்டுவந்து அவர் கண்முன்னே கழுவித் தங்கத்துகளைக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் முப்பது நாற்பது அடிக் குழிகளில் ஆட்கள் வேலை செய்வதையும், மேலே வந்த கல்லைப் பெண்கள் இடிப்பதையும் அவர் எழுதி வைத்தார். அதைப் படித்துவிட்டு 1870களில் லவெல் என்னும் ஓய்வுபெற்ற சிப்பாய் உரிமம் வாங்கினார். பின்னால் வந்த ஜான் டெய்லர் நிறுவனமும் முதலில் தடுமாறியது. கையிருப்பு கரைந்துகொண்டிருந்த 1883-இல் கேப்டன் பிளம்மர் என்பவர், பழங்குழிகளையே வழிகாட்டியாகக் கொண்டு அவற்றின் அடியை நோக்கி இறங்கினார். பழையவர்கள் விட்ட இடத்துக்குக் கீழே சாம்பியன் என்று பெயர் பெற்ற தாது நரம்பு தொடர்ந்து போனது. அது 3 கிலோமீட்டருக்கும் மேல் போயிற்று. 2001-இல் மூடும் வரை கோலார் ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்தது. தொடக்கத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது. மூடும் காலத்தில் அது 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து போன தமிழர்களின் உழைப்பில்தான் அந்த ஆழங்கள் வெட்டப்பட்டன. இதைச் சொல்லாமல் கோலாரின் கணக்கை யாரும் எழுதக் கூடாது.

இன்று ஒரு பழங்குழிப் பகுதியை எப்படி ஆராய்கிறார்கள்? முதல் வேலை, குழிகளை வரைபடத்தில் குறிப்பது. தனித்தனியாகப் பார்த்தால் அவை வெறும் பள்ளங்கள். ஆனால் வரைபடத்தில் ஒரு கோட்டில் அமர்ந்துகொள்ளும். அந்தக் கோடுதான் தாது நரம்பு ஓடும் திசை. குழிகள் எங்கே நெருங்கியும் ஆழமாகவும் இருக்கின்றனவோ அங்கே தாது செழித்திருந்தது என்று பொருள். தங்கமும் செம்பும் நரம்பு முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. தூண்போல் திரண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆழத்துக்கு இறங்கும். ஆழமான பழங்குழி எந்தப் பக்கம் சாய்ந்து போகிறது என்பதே பெரும்பாலும் அந்தத் தூணின் சாய்வைக் காட்டிக்கொடுக்கும். பக்கத்துப் பாறையில் உரல்போல் குழிந்த பள்ளங்களும் அரைகற்களும் கிடந்தால், தாதுவை அங்கேயே இடித்திருக்கிறார்கள் என்று தெரியும்.

குழியருகே கிடக்கும் கழிவுக்கல் குவியலைப் பார்த்ததும் எவருக்கும் கை நீளும். அங்கே எடுக்கும் மாதிரியை நம்புவதில் எச்சரிக்கை வேண்டும். நல்ல கல் போனபின் மிஞ்சியது என்பதால் அது தரத்தைக் குறைத்துக் காட்டலாம்; ஆராய்பவர் தன்னை அறியாமல் பளபளக்கும் கல்லையே பொறுக்கினால் கூட்டியும் காட்டலாம். கீழே எந்தக் கனிமம் இருக்கிறது, எந்தப் பாறையில் இருக்கிறது என்று அறிய அந்தக் குவியல் மிகவும் உதவும். எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

அடுத்து மண் மாதிரி. ஒழுங்கான இடைவெளியில் மண்ணெடுத்துச் சோதிப்பார்கள். தங்கம் மிக அரிதாகத் தென்படும் என்பதால், அதோடு சேர்ந்து வரும் ஆர்சனிக்கையும் தேடுவார்கள். தரைக்குள் மின்சாரம் செலுத்தி, நிறுத்தியபின் பாறை எவ்வளவு நேரம் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அளக்கும் முறையும் உண்டு. தூவிக் கிடக்கும் சல்பைடு கனிமங்கள் இதில் மாட்டும். செம்பைத் தேட இது கைகொடுக்கும்.

எல்லாவற்றுக்கும் தீர்ப்பு துளையிடலில்தான். வைரப்பல் பதித்த குழல் பாறையை வெட்டி, உருளைத் தண்டாக வெளியே கொண்டுவரும். குழியின் மேலிருந்து செங்குத்தாகத் துளைத்தால் பழைய வெற்றிடத்தில் விழுந்து, குழல் சிக்கி, துளைநீர் வழிந்தோடிவிடும். அதனால் நரம்பு சாய்ந்து இறங்கும் பக்கத்தில் தள்ளி நின்று, சாய்வாகத் துளைத்து, பழங்குழியின் அடிக்குக் கீழே நரம்பைப் பிடிப்பார்கள். ஒரு துளையில் தங்கம் இல்லாவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம். ஒரு துளையில் மிகுதியாக இருந்தாலும் துள்ள வேண்டாம். தங்கம் அப்பாறையில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். ஒரு முழம் தள்ளினால் கணக்கே மாறிவிடும். பல துளைகள் ஒத்துப்போனால்தான் நம்பலாம்.

பாறைத்தண்டை நீளவாக்கில் அறுத்து ஒரு பாதியை ஆய்வுக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் பாதுகாப்பது வழக்கம். இந்தச் சின்ன ஒழுக்கம் எவ்வளவு பெரியது என்பதை இந்தோனேசியாவின் புசாங் காட்டியது. அங்கே பிரி-எக்ஸ் என்னும் கனடா நிறுவனம் தண்டுகளை முழுதாகவே அரைத்துவிட்டது. மறுபாதி என்று சரிபார்க்க எதுவும் இல்லை. தூளில் வெளித் தங்கம் கலக்கப்பட்டது 1997-இல் வெளியானபோது, முதலீட்டாளர்கள் கோடிக்கணக்கில் இழந்திருந்தார்கள். யாராவது உங்களிடம் பழைய சுரங்கத்தைக் காட்டிப் பங்கு விற்க வந்தால், மறுபாதித் தண்டுகள் எங்கே இருக்கின்றன என்று முதலில் கேளுங்கள்.

பழங்குழிக்குள் இறங்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். அழுகும் மரமும் துருப்பிடிக்கும் சல்பைடும் உள்ளேயுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். பிராணவாயு குறைந்த அந்தக் காற்றுக்கு வாசனை கிடையாது. இறங்கியவருக்கு மூச்சு முட்டுவதற்குள் மயக்கம் வந்துவிடும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மாண்ட துயரத்தைக் கிணறு வெட்டும் ஊர்களில் கேட்டிருப்பீர்கள். புதர் மூடிய குழிவாய் ஆளையே விழுங்கும். மழைக்குப்பின் விளிம்பு சரியும். தேவாலாப் பக்கம் கள்ளத்தனமாகத் தங்கம் தேடி இறங்கிய ஏழைகள் இறந்திருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் தோண்டுவது சட்டப்படியும் குற்றம். 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டத்தில் 2023-இல் செய்த திருத்தம், தங்கமும் செம்பும் உள்பட 29 கனிமங்களுக்குத் தேடலுக்கென்றே தனி உரிமத்தைக் கொண்டுவந்தது. அந்த உரிமம் ஏலத்தில்தான் கிடைக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1915-இல் ஹட்டிக்கு அருகே மஸ்கியில் அசோகரின் பெயரையே தாங்கிய கல்வெட்டைக் கண்டெடுத்தவர் பீடன் என்னும் தங்கச் சுரங்கப் பொறியாளர். தங்கம் தேடிப் போகும் இடங்கள் வரலாறும் கிடக்கும் இடங்கள். பழங்குழி இருக்கும் நிலத்தில் திறந்தவெளிச் சுரங்கம் வெட்டினால் முதல் வெடியிலேயே அந்தக் குழி போய்விடும். அதற்கு முன் குழியின் வடிவத்தை அளந்து வரையவும், உள்ளிருந்த மரத்திலும் கரியிலும் மாதிரி எடுத்துக் காலம் கணிக்கவும், உரல்குழிகளையும் பானையோடுகளையும் இருந்த இடத்தோடு பதிவு செய்யவும் உரிம நிபந்தனையிலேயே இடம் வேண்டும். துளையிடும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் பணம் மிகச் சிறிது. அந்த அளவுகள், தாதுத்தூண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தேடும் புவியியலாளருக்கும் நேரடியாக உதவும்.