முட்டை இறங்காத கோழி

கருவில் இருக்கும்போது கோழிக்கு இரண்டு சினைப்பைகள் உருவாகின்றன. ஆனால் வலப்பக்கத்தது வளராமல் சுருங்கிவிடுகிறது. வளர்ந்த பெட்டைக்கோழிக்கு இருப்பவை இடப்பக்கச் சினைப்பையும் அதையொட்டிய ஒரே முட்டைக்குழாயும்தான். முற்றிய மஞ்சள்கரு இந்தக் குழாயில் விழுந்ததும் சுமார் மூன்று மணி நேரம் வெள்ளைக்கரு சேர்கிறது. பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகச் சவ்வு மூடுகிறது. கடைசியில் ஓடு கட்டும் பையில் ஏறத்தாழ 20 மணி நேரம் தங்குகிறது. ஒரு முட்டை உருவாகி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகும். பெட்டைக்கோழியின் இனப்பெருக்க உறுப்பு நோய்கள் பெரும்பாலும் இந்த ஒற்றைக் குழாயில் ஏற்படும் தடங்கலிலிருந்தே தொடங்குகின்றன.

காட்டுக்கோழி ஆண்டுக்கு 10 முதல் 15 முட்டைதான் இடும். அதன் வழியில் வந்த பண்ணை வெள்ளைக் கோழியை மனிதன் 300 முட்டைக்கு மேல் இட வைத்துவிட்டான். இந்த நோய்களுக்கு வேறு எதையும்விட அதுவே பெரிய காரணம். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே உள்ள காரிமங்கலம் வட்டாரத்து வீடுகளில் வளரும் சிறுவிடை போன்ற நாட்டுக்கோழிகள் ஓர் ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டு அடையில் அமர்ந்துவிடும். அடை காப்பதும் குஞ்சு வளர்ப்பதுமான அந்த மாதங்களில் குழாய்க்கு ஓய்வு கிடைக்கிறது. பண்ணைகளில் காலம் முடிந்து கழிக்கப்பட்ட லேயர் கோழியை வாங்கி வந்து செல்லமாக வளர்ப்பவர்கள், அது ஓய்வின்றி முட்டையிட்டு எலும்பு தேய்ந்த கோழி என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஓடு பெரும்பகுதி இரவில் கட்டுவதால், தீனியில் கிடைக்காததைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தருமபுரி கேழ்வரகு விளையும் மாவட்டம். அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் இருப்பது ஏறத்தாழ 0.34 கிராம்தான். மனிதருக்கு அது நல்ல அளவு. தினமும் முட்டையிடும் கோழிக்கோ அது ஓர் ஓட்டுக்குத் தேவையானதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். அரிசியிலும் சோளத்திலும் அதைவிட மிகக் குறைவு. அதனால்தான் லேயர் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் சுண்ணாம்புச்சத்து சேர்க்கிறார்கள். தானியம் மட்டும் தின்னும் கோழிக்குக் கிளிஞ்சல் நொறுக்கைத் தனித் தட்டில், மாலை வேளையில் வைப்பது நல்லது. தேவையான அளவைக் கோழியே எடுத்துக்கொள்ளும். முட்டையிடாத இளங்கோழிக்குத் தீவனத்திலேயே கலந்து கொடுத்தால் சிறுநீரகம் கெடும்.

சுண்ணாம்புச்சத்து குறைந்தால் ஓடு மெலிந்து தோல் முட்டை வருவதோடு முடிவதில்லை. குழாயின் தசை சுருங்கி முட்டையைத் தள்ளுவதற்கும் அதே சத்துதான் தேவை. கன்று ஈன்ற கறவை மாடு பால் காய்ச்சலில் எழ முடியாமல் படுத்துவிடுவதும் இதே குறைபாட்டால்தான். கோழியில் இதன் விளைவு முட்டை அடைப்பு. கோடையில் ஆபத்து கூடும். கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் இரத்தத்தில் குறைந்துவிடுகிறது. முதல் முட்டையிடும் இளங்கோழியும், கொழுத்த கோழியும், இரட்டைக்கரு முட்டையிடும் கோழியும் எளிதில் இதற்கு ஆளாகும்.

அடைப்பு வந்த கோழி தீனி எடுக்காது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கும். அடிக்கடி முட்டையிடும் இடத்துக்குப் போய் வெறுமனே திரும்பும். வால் தாழ்ந்து, உடல் நிமிர்ந்து, எச்சத்துவாரம் துடிக்கும். உள்ளே இருக்கும் முட்டை நரம்பை அழுத்தினால் கால் நொண்டும். நோயை மறைப்பது கோழியின் இயல்பு. எதிரிக்குப் பலவீனம் தெரியக்கூடாது என்பதற்காக அமைந்த இயல்பு அது. ஆகவே இந்த அறிகுறிகள் கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கலாம்.

முதலில் கோழியை மற்றவற்றிலிருந்து பிரித்து, இருட்டான, கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, அடிவயிறு நனையும்படி 15 முதல் 20 நிமிடம் உட்கார வைத்தால் தசை தளரும். பிறகு ஈரத்தைத் துடைத்து, எச்சத்துவாரத்தைச் சுற்றி வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவலாம். பல கோழிகள் அன்றே முட்டையிட்டுவிடும். வயிற்றைப் பிசைவதும் உள்ளே இருக்கும் முட்டையைக் குத்தி உடைப்பதும் கூடாது. ஓட்டின் கூர்முனை குழாயைக் கிழித்தால் கோழி பிழைப்பது அரிது. மாட்டுக்குப் போடும் ஆக்ஸிடோசின் ஊசியை வீட்டிலேயே போடுவதும் அதே அளவு ஆபத்தானது. முட்டை குழாயோடு ஒட்டியிருந்தால் அந்த ஊசியால் குழாயே வெடிக்கக்கூடும். ஒரு நாள் கடந்தும் முட்டை வராவிட்டால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சுண்ணாம்புச்சத்து ஊசியை மருத்துவரே அளவு பார்த்துப் போடுவார். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம். நோய் சிக்கலாக இருந்தால், 1985இல் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம்.

முக்கி முக்கிக் குழாயே சிவப்பாக வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. மற்ற கோழிகள் அந்தச் சிவப்பைக் கண்டால் கொத்திக் குடலையே இழுத்துவிடும். ஆகவே உடனே பிரிக்க வேண்டும். வெதுவெதுப்பான சுத்தமான நீரில் கழுவி, வழுவழுப்பாக எண்ணெய் தடவி, விரலால் மெல்ல உள்ளே தள்ளலாம். மறுநாள் மீண்டும் முட்டையிட்டால் மறுபடி வெளியே வந்துவிடும் என்பதால் முட்டையிடுவதையே சில வாரம் நிறுத்த வேண்டும். அதற்கு வெளிச்சத்தைக் குறைப்பதே வழி. குளிர்நாடுகளில் குறுகிய குளிர்காலப் பகல் கோழிக்குத் தானாக ஓய்வு தருகிறது. காரிமங்கலத்தில் மார்கழியிலும் பகல் 11 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. எனவே எட்டு மணி நேரம் மட்டும் வெளிச்சம் படும்படி கூண்டை மூடி வைக்க வேண்டும். சத்து மிகுந்த தீவனத்தையும் அந்த நாட்களில் குறைக்கலாம்.

குழாயில் விழாமல் மஞ்சள்கரு வயிற்றுக்குள் சிந்தி, அதில் கிருமி பெருகுவது இன்னும் கொடியது. பெரும்பாலும் ஈகோலை கிருமி இதற்குக் காரணம். அடிவயிறு நீர் கோத்துத் தொங்கும்; மார்பெலும்பு கத்தி போலத் துருத்தும்; கொண்டை வெளுக்கும். சில கோழிகள் பாலாடைக்கட்டி போன்ற சீழ்க்கட்டியை முட்டைக்குப் பதிலாக இடும். மருத்துவர் நீரை எடுத்து, எதிருயிரி கொடுத்துக் கொஞ்ச காலம் நலமாக வைக்க முடியும். முழுக் குணம் அபூர்வம். முட்டையிடுவதை நிறுத்தும் ஹார்மோன் மருந்தும் குழாயை அகற்றும் அறுவையும் வெளிநாடுகளில் செல்லக்கோழிகளுக்குச் செய்யப்படுகின்றன. வயதான கோழிக்கு இதே வீக்கம் சினைப்பைப் புற்றுநோயாலும் வரலாம். பெண்களுக்கு வருவதைப் போன்ற புற்று கோழிக்கும் தானாகவே வருவதால், விஞ்ஞானிகள் அந்த நோயைக் கோழியிலும் ஆராய்கிறார்கள்.

எதிருயிரி மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நிற்க வேண்டும். கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக இருக்கும் மருந்து அது. எந்த எதிருயிரி கொடுத்தாலும், மருத்துவர் சொல்லும் நாள் வரை அந்தக் கோழியின் முட்டையையும் இறைச்சியையும் யாரும் உண்ணக்கூடாது.

குஞ்சாக இருக்கும்போது வந்த மூச்சுக்குழல் நோய் முட்டைக்குழாயை நிரந்தரமாகக் கெடுக்கும். வெள்ளைக்கழிச்சலும் முட்டையைக் குறைத்து ஓட்டைக் கெடுக்கும். இவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை கூடும் வாரச்சந்தையிலோ வேறெங்கோ கோழி வாங்கி வந்தால், இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்திருந்த பிறகே பழைய கோழிகளோடு சேர்க்க வேண்டும்.

மருந்துக்கு அடங்காமல் மூச்சுத் திணறி, தீனியே எடுக்காத கோழியை மருத்துவரின் உதவியோடு வலியின்றி விடுவிப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதி. இறந்த கோழியை ஏரிக்கரையில் வீசாமல், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் அது முட்டைக்குழாய் நோயாக இருக்காது; தொற்றுநோயாகக் கருதி, அன்றே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.