ரோமாபுரி மதுவும் முடிச்சூர் சாலைப் பதநீரும்

சித்திரை மாதக் காலையில் தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கம் போயிருக்கிறீர்களா? சாலையோர மரநிழலில் ஒரு சைக்கிள், அதன் இருபுறமும் குடங்கள், பக்கத்தில் ஒரு கட்டு பனையோலை. ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, நுங்கைப் பிய்த்துப் போட்டு, பதநீரை ஊற்றித் தருவார் பெரியவர். ஏழு மணிக்குப் போனால் கிடைக்கும். ஒன்பது மணிக்குப் போனால், "தீர்ந்துபோச்சு சார்" என்ற பதில்தான் கிடைக்கும்.

இந்தத் 'தீர்ந்துபோச்சு' நமக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. குடிக்கும் பானம் தட்டுப்பட்டுப் போனதற்கும், அதை மனிதன் ரசித்ததற்கும் இரண்டாயிரம் ஆண்டுக் கதை இருக்கிறது. அதில் உழவர்களுக்கு வேண்டிய பாடங்களும் இருக்கின்றன.

கடல்நீர் கலந்த மது

யவனர்கள் நல்ல குடங்களில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றின் 56-வது பாடலில் சொல்கிறார். இது வெறும் கவிதைப் பேச்சு அல்ல. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது, ரோமானிய மது வந்த இருகைப்பிடி ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. நம் செங்கல்பட்டுப் பக்கத்திலேயே, பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள வசவசமுத்திரத்தில் 1970-ல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்விலும் இத்தகைய ஜாடித் துண்டுகள் வெளிப்பட்டன.

அரிக்கமேட்டு ஜாடிகளில் சில, கிரேக்கத்தின் காஸ் தீவு மதுவுக்கு உரிய வகை. அந்த மதுவில் கடல்நீரைக் கலப்பது வழக்கம். பாலில் தண்ணீர் கலந்தாலே நாம் சண்டைக்குப் போவோம். அவர்கள் உப்புத் தண்ணீரைக் கலந்துவிட்டு, 'இதுதான் தனிச்சுவை' என்று கப்பலேற்றி விற்றிருக்கிறார்கள். மதிப்புக்கூட்டலை அவர்களிடம்தான் கற்க வேண்டும்!

தக்காளிக் கதைதான் அங்கேயும்

கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்து பாம்பேய் நகரம் சாம்பலில் புதைந்தது. சுற்றியிருந்த திராட்சைத் தோட்டங்களும் போயின. மதுவுக்குத் தட்டுப்பாடு வந்தது. தானிய வயல்களில்கூடத் திராட்சை நட ஆரம்பித்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் தரும் விளக்கம். முடிவில் மது பெருகி, தானியம் குறைந்தது. கி.பி. 92-ல் மன்னர் டொமிஷியன், மாகாணங்களில் உள்ள திராட்சைத் தோட்டங்களில் பாதியை அழிக்க ஆணையிட்டார். அந்த ஆணை முழுமையாக நிறைவேறவில்லை என்பது வேறு கதை.

போன வருடம் தக்காளி விலை ஏறியது என்பதற்காக இந்த வருடம் ஊரே தக்காளி நட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ரோமானியருக்கும் அதுவேதான் ஆனது.

வேரைத் தின்ற பூச்சி

பெரிய தட்டுப்பாடு 19-ம் நூற்றாண்டில் வந்தது. வட அமெரிக்காவிலிருந்து வந்த பில்லோக்செரா என்னும், அசுவினிக்கு உறவான சிறு பூச்சி பிரான்ஸ் திராட்சையின் வேரை உறிஞ்சியது. 1875-ல் 8 கோடி ஹெக்டோ லிட்டரைத் தாண்டியிருந்த பிரான்ஸின் மது உற்பத்தி, 1889-ல் சுமார் 2.3 கோடியாகச் சரிந்தது. மருந்து தெளித்தும், வயலில் தண்ணீர் தேக்கியும் பார்த்தார்கள். கடைசியில் வழி காட்டியது அந்தப் பூச்சியின் சொந்த ஊர்தான். பூச்சியைத் தாங்கி வளரும் அமெரிக்கக் காட்டுத் திராட்சையை வேர்ச்செடியாக்கி, அதன்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். இன்று மகாராஷ்டிரத்தில் உப்பையும் வறட்சியையும் சமாளிக்க 'டாக்ரிட்ஜ்' வேர்ச்செடியில் திராட்சை ஒட்டுக்கட்டுவதும் இதே தத்துவம்தான்.

தட்டுப்பாடு வந்தால் போலியும் கூடவே வரும். உலர்திராட்சையையும் சர்க்கரையையும் ஊறவைத்து 'மது' என்று விற்றார்கள். அதனால்தான் 1889-ல் பிரான்ஸ், புதிய திராட்சையைப் புளிக்கவைத்தது மட்டுமே மது என்று சட்டம் போட்டது.

நம் தட்டுப்பாடு வேறு

இப்போது முடிச்சூர் சாலைக்குத் திரும்புவோம். நாட்டிலுள்ள பனைகளில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில் நிற்கின்றன. எந்தப் பூச்சியும் அவற்றின் வேரைத் தின்றுவிடவில்லை. ஆனாலும் பதநீர் கிடைப்பதில்லை. காரணம், ஏறுவதற்கு ஆள் இல்லை.

பாளையை நசுக்கிப் பதப்படுத்தி, தினமும் மெல்லியதாகச் சீவ வேண்டும். சில நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும். 60 அடி உயரத்தில், காலையும் மாலையும், மாசி முதல் ஆனி வரை இதே வேலை. மரம் ஏறும் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் மட்டைகளுக்கு இடையே புகுந்து பாளை சீவுவதை இன்றும் மனிதக் கைதான் செய்கிறது. தன் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரட்டும் என்று நினைக்கும் பனையேறியை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். புறநகரில் வயலும் ஏரிக்கரையும் மனையாகும்போது மரமும் போகிறது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. மரத்தைக் காக்க விதி இருக்கிறது. ஏறும் கையைக் காக்க நியாயமான விலைதான் இருக்கிறது.

பதநீரை ரசிப்பது எப்படி?

பாளையிலிருந்து வடியும் சாற்றில் பத்து சதவீதத்துக்கும் மேல் சர்க்கரை உண்டு. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் அதைச் சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடும். கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மையாக்கி, ஈஸ்ட்டைத் தடுக்கிறது. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. இந்த வேதியியலை நான் பெரியவருக்கு விளக்கப் போனபோது அவர் ஒரே வரியில் முடித்தார்: "சுண்ணாம்பு தடவுனா பதநீர் சார். தடவலைன்னா போலீஸ்."

நல்ல பதநீரில் இனிப்போடு லேசான பனை மணமும், கடைசியில் சுண்ணாம்பின் மெல்லிய உறைப்பும் இருக்கும். நுரைத்துப் புளித்தால் பொழுது ஏறிவிட்டது என்று பொருள். வெறும் இனிப்பு மட்டும் நாக்கில் ஒட்டினால் சர்க்கரைத் தண்ணீரோ, சாக்கரினோ என்று சந்தேகப்படுங்கள். சுண்ணாம்பு மிகுந்ததா என்று பார்க்கச் சிட்டிகை மஞ்சள்தூளைக் கலந்தால் போதும், மிகுந்திருந்தால் சிவக்கும்.

கருப்பட்டியிலும் இதே எச்சரிக்கை தேவை. ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். இந்தக் கணக்கோடு ஏறும் கூலியையும் விறகையும் சேர்த்துப் பாருங்கள். சர்க்கரை விலைக்கு யாராவது கருப்பட்டி கொடுத்தால், அது கருப்பட்டியாக இருக்க வழியில்லை. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பிரான்ஸ் 1889-ல் செய்த வேலையின் நம்மூர் வடிவம் எனலாம்.

நீங்கள் செய்யக்கூடியது

ஆவணி, புரட்டாசியில் விழும் பழங்களில், நன்றாகக் காய்க்கும் தாய்மரத்தின் விதைகளைத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரப்பு, குளக்கரை, வேலியோரத்தில் 3 மீட்டர் இடைவெளியில் நடுங்கள். முளை மண்ணுக்குள் ஆழமாக இறங்கிய பிறகே குருத்து மேலே வரும் என்பதால், பிடுங்கி நடுவதைவிட நட வேண்டிய இடத்திலேயே விதைப்பது நல்லது. பாளை விட 12 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதுவரை ஆணா பெண்ணா என்றும் தெரியாது. இருக்கும் மரங்களைப் பாளைக்குக் குத்தகை விடும்போது பனையேறிக்குக் கட்டுப்படியாகும் பங்கைக் கொடுங்கள். விரிவாக்கப் பணியாளர்கள் தங்கள் வட்டாரத்தில் இன்னும் மரம் ஏறுபவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுத்து, மரம் வைத்திருப்பவர்களோடு இணைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

போன கோடையில் பெரியவரிடம், "உங்களுக்கு அப்புறம் இந்த மரத்தில் யார் ஏறுவாங்க?" என்று கேட்டேன். பட்டையை மடித்துக்கொண்டே, "குடிக்கிறதுக்கு நாளைக்கும் வாங்க சார். அதை அப்புறம் பார்க்கலாம்" என்றார். அடுத்த நாள் போனேன். ஏழு மணிக்கே போனேன்.