மேசைமேல் ஒரு போர்க்களம்

போரில் வெற்றி தருவது படைவலி மட்டுமன்று; களத்தின் இயல்பும் ஆகும். அதுபற்றியன்றோ திருவள்ளுவர் ‘இடனறிதல்’ எனத் தனி அதிகாரமே வகுத்தார்! இவ்வுண்மையைப் பொம்மைப் போர் விளையாட்டு நம் கண்முன் காட்டுகின்றது.

பிரஷ்யா நாட்டினரான ரைஸ்விட்ஸ் என்பார், 1812-ஆம் ஆண்டில் தம் அரசருக்குப் போர் விளையாட்டு மேசை ஒன்றை அளித்தார். நிலத்தின் மேடுபள்ளங்களும் ஆறுகளும் சாலைகளும் அமைந்த சதுரச் சாந்துக் கட்டிகளை அதன்மேல் பலவாறு மாற்றியடுக்கிப் புதுப்புதுக் களங்களை ஆக்கலாம். ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ், 1913-ஆம் ஆண்டில் ‘சிறு போர்கள்’ என்னும் நூலை எழுதினார். அவர் அமைத்த களத்தில் மரக்கட்டைகள் வீடுகளாயின, பலகைகள் குன்றுகளாயின, சிறு கிளைகள் காடாயின, தரையில் இட்ட சுண்ணக்கோடு ஆறாயிற்று.

மாணவர்களே! இத்தகைய களத்தை நீங்களும் ஆக்கலாம். முதலில் அளவை வரையறுத்தல் வேண்டும். 180 செ.மீ. உயரமுள்ள மனிதனை 2½ செ.மீ. பொம்மை குறிப்பின், 72-இல் ஒரு பங்கு என்பது அளவாகும். அவ்வளவின்படி 2 மீட்டர் உயரமுள்ள வாயில் ஏறத்தாழ 3 செ.மீ. ஆகும். ஆயின், 72 மீட்டர் உயரமுள்ள குன்று 1 மீட்டர் உயர்ந்து மேசையை மறைத்துவிடும். ஆதலின், குன்றின் உயரத்தை மட்டும் மிகக் குறைத்து அமைத்தல் மரபு.

குன்று செய்யத் தடித்த அட்டைகள் போதும். ஒன்றினும் ஒன்று சிறியதாக, வளைந்த விளிம்புடன் வெட்டி, பசையிட்டு அடுக்குக. விளிம்புகளைக் காகிதக் கூழால் பூசிச் சரிவாக்குக. சரிவு மிகுந்தால் பொம்மைகள் வழுக்கி விழும். எனவே, அவை நிற்பதற்குரிய சமதளத்தை அடுக்குதோறும் விடுக. கூழ் நன்கு உலர்ந்தபின் மீண்டும் பசை தடவி, மணல் தூவி, வண்ணம் தீட்டுக. காய்ந்த சுள்ளிகளை அட்டையில் நட்டால் தோப்பு. நீலம் தீட்டிய துணிப்பட்டை ஆறு.

இனி, குன்றின் பின்னே ஒரு படையை நிறுத்திப் பாருங்கள். மறுபுறத்துப் பகைவர்க்கு அது தோன்றாது. ஆற்றைக் கடக்கும் படையோ தாமதித்து இடர்ப்படும். சிறுபடை பெரும்படையைத் தடுக்கும் வகை அப்போது விளங்கும்.

மெய்ப்போரின் பேதைமையையும் வெல்ஸ் அந்நூலிலேயே எடுத்துரைத்தார். மறு ஆண்டே, 1914-இல், முதல் உலகப்போர் மூண்டது. சாய்ந்த பொம்மைகள் மறுநாள் ஆட்டத்திற்கு எழுந்து நிற்கும். அப்போரில் மாண்ட இலட்சக்கணக்கான மாந்தர் மீளவில்லை. களம் ஆக்கிப் பழகும் நாம் இவ்வேறுபாட்டை என்றும் மறவாதிருப்போமாக.